பத்தடி தூரத்தில் 4கே: படத்துக்கு எந்த ரிவி, பழைய கேமுக்கு எந்த ரிவி?

கொக்குவிலில் இருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். அடையாளம் தரும் விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தைத் தருகிறேன்.

வீட்டு ஹோலில் சோபாவுக்கும் ரிவி வைக்கும் சுவருக்கும் இடையே பத்தடி. கிழக்குப் பக்கம் பெரிய யன்னல். பகலில் அம்மா சீரியலும் செய்தியும் பார்க்கிறா. நாளுக்கு ஆறேழு மணித்தியாலம், பெரும்பாலும் ஒரே இரண்டு சானல்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு வாசகரும் மனைவியும் படம் பார்ப்பார்கள். சனி, ஞாயிறுகளில் தான் சிறுவயதில் விளையாடிய கேம்களைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. துப்பாக்கியோடு வந்த கசெற் போடும் ரிவி கேம், முதலாவது பிளேஸ்டேஷன், பிளேஸ்டேஷன் 2 ஆகிய மூன்றையும் பத்திரமாக வைத்திருக்கிறார். மூலையில் 21 அங்குலப் பழைய பெட்டி ரிவி ஒன்றும் கிடக்கிறது. அதைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடச் சொல்கிறா மனைவி. அதன் கதிர் பிள்ளைகளின் கண்ணைக் கெடுக்கும் என்ற பயமும் வீட்டில் உண்டு.

கனடாவில் இருக்கும் அண்ணா, "காசு அனுப்பட்டோ, வரேக்கை ரிவியையே கொண்டு வரட்டோ?" என்று கேட்டிருக்கிறார். கடையில் ஒருவர் ஓஎல்இடி வாங்கச் சொன்னாராம். இன்னொருவர் கியூஎல்இடியும் அதுவும் ஒன்றுதான், விலைதான் குறைவு என்றாராம். வாசகர் தானாக வந்திருக்கும் முடிவு இது: "4கே வாங்கினால் என்னிடம் இருக்கிற டிவிடிகளும் துலக்கமாகத் தெரியும். பழைய கேமுக்கு எந்த ரிவியும் போதும், ஒரு கொன்வேட்டர் பெட்டி வாங்கினால் சரி."

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் முடிவு கிட்டத்தட்டத் தலைகீழாக இருக்கிறது. உங்கள் வீட்டில் 4கே உதவப் போவது படத்தை விடப் பழைய கேமுக்குத்தான். படத்துக்கு வேண்டியது நல்ல கறுப்பு. இதை விளங்கிக்கொண்டால் அண்ணா அனுப்பும் காசை எங்கே போடுவது என்பது தானாகத் தெளியும்.

தூரத்திலிருந்து தொடங்குவோம். நல்ல பார்வை உள்ள கண்ணால் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரைதான் இரண்டு புள்ளிகளைப் பிரித்துப் பார்க்க முடியும். 55 அங்குலத் திரையின் அகலம் சுமார் 122 சென்ரிமீற்றர். அதில் அகலவாக்கில் 1920 புள்ளிகள் இருந்தால் (இதுதான் 1080பி; 4கேயில் இதன் இரட்டிப்பு) ஒரு புள்ளி 0.63 மில்லிமீற்றர். அந்தப் புள்ளிகள் தனித்தனியாகக் கண்ணுக்குப் பட வேண்டுமானால் சுமார் 7 அடிக்குள் இருந்து பார்க்க வேண்டும். 43 அங்குலத்துக்கு ஐந்தரை அடி, 65 அங்குலத்துக்கு எட்டரை அடி. பத்தடியில் இருக்கும் உங்களுக்கு 1080பி திரையின் புள்ளிகள் தெரியத் தொடங்குவது ஏறக்குறைய 75 அங்குலத்தைத் தாண்டிய பிறகே. அதாவது 55 அங்குலத்தில் 1080பியையும் 4கேயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும், சோபாவிலிருந்து பார்க்கும்போது கூர்மையில் வித்தியாசம் பிடிபடாது. கடையில் வித்தியாசம் தெரிவதற்குக் காரணம், அங்கே நீங்கள் மூன்றடியில் நிற்கிறீர்கள்.

இன்று கடைகளில் பெரிய அளவில் கிடைக்கும் நல்ல செட்கள் எல்லாமே 4கேதான். ஆகவே 4கே வேண்டாம் என்று சொல்லவில்லை. அது எப்படியும் சேர்ந்தே வரும். அதற்கென்று தனியாகக் காசு கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். 8கே பற்றி யாராவது கதைத்தால் கேட்டுவிட்டு வந்துவிடுங்கள். அதில் போட்டுப் பார்க்க உங்களிடம் ஒன்றும் இல்லை.

டிவிடி விடயம் இதைவிட நேரடியான கணக்கு. எங்கள் நாட்டில் பாவிக்கும் பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை டிவிடியில் ஒரு படச்சட்டத்தில் 720க்கு 576, அதாவது 4,14,720 புள்ளிகள். 4கே திரையில் 82,94,400. சரியாக இருபது மடங்கு. டிவிடி போடும்போது திரையில் தெரியும் ஒவ்வொரு இருபது புள்ளிகளிலும் ஒன்றுக்குத்தான் தட்டில் ஆதாரம் உண்டு. மற்றப் பத்தொன்பதும் ரிவியின் ஊகம். நல்ல செட் நன்றாக ஊகிக்கும், மலிவு செட் முகங்களை மெழுகு பூசியதுபோல் ஆக்கும். இரண்டுமே இல்லாத விவரத்தை உண்டாக்காது. யூரியூப்பில் 480பியில் ஏற்றப்பட்ட பழைய படங்களுக்கும் இதே கதைதான். இணையத்தில் 4கே பார்ப்பதென்றால் நெற்ஃபிளிக்ஸ் விநாடிக்கு 15 மெகாபிற் வேகம் கேட்கிறது. 1080பிக்கு 5 போதும். வீட்டு இணைப்பு மாலையில் எவ்வளவு தருகிறது என்று ஒருமுறை அளந்து பாருங்கள்.

இருட்டறையில் படம் பார்ப்பவருக்கு எது முக்கியம்

பெரும்பாலான சினிமாப் படங்கள் ரிவித் திரையை விட அகலமானவை. 2.39க்கு 1 என்ற அளவில் எடுத்த படத்தை 16க்கு 9 திரையில் போட்டால், மேலும் கீழுமாகத் திரையின் கால்வாசிக்கு மேல் கறுப்புப் பட்டை. விளக்கை அணைத்த ஹோலில் அந்தப் பட்டை சாம்பல் நிறமாக மினுங்கினால், படத்திலுள்ள இரவுக் காட்சிகளும் அதே சாம்பல்தான். கூர்மைக் குறைவைக் கண் பத்து நிமிடத்தில் மறந்துவிடும். கறுப்பில்லாத இரவுக் காட்சியை மறக்காது.

எல்இடி ரிவி, கியூஎல்இடி ரிவி, மினி எல்இடி ரிவி மூன்றும் அடிப்படையில் எல்சிடிதான். பின்னால் வெளிச்சம், முன்னால் அதை மறைக்கவும் விடவும் செய்யும் திரவப் படிகம். கியூஎல்இடியில் அந்த வெளிச்சத்தின் முன்னே குவாண்டம் டொட் படலம் ஒன்று சேர்கிறது. அது நிறத்தைச் செழிப்பாக்கும்; கறுப்பைக் கறுப்பாக்காது. ஓஎல்இடி வேறு சாதி: ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், அணைய வேண்டிய இடத்தில் முற்றாக அணையும். ஆகவே "இரண்டும் ஒன்றுதான்" என்று சொன்னவர் தவறாகச் சொல்லியிருக்கிறார்.

எல்சிடிக்குள்ளும் இரண்டு வகைப் பனல் உண்டு. விஏ பனலின் ஒளி-இருள் விகிதம் பொதுவாக 3000க்கு 1 முதல் 6000க்கு 1 வரை. ஐபிஎஸ் பனலில் சுமார் 1000க்கு 1. ஐபிஎஸ் பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. விஏ நேரே இருந்து பார்க்கத்தான் வடிவு. சோபா திரைக்கு நேரே இருப்பதால் உங்களுக்கு விஏ. பெட்டியில் இதை அச்சிட மாட்டார்கள். ஒரே தொடரில் 50 அங்குலம் விஏயாகவும் 55 ஐபிஎஸ்ஸாகவும் வருவதுண்டு. ஆகவே கண்ணால்தான் பார்க்க வேண்டும். வழியைக் கடைசியில் சொல்கிறேன்.

மினி எல்இடி என்பது பின்வெளிச்சத்தைப் பல நூறு பகுதிகளாகப் பிரித்து, இருட்டான பகுதிகளை மட்டும் மங்கச் செய்யும் முறை. இருளில் வெள்ளை எழுத்து வந்தால் எழுத்தைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டம் தெரியும். சப்ரைற்றில் போட்டுப் பார்ப்பவர்கள் இதைக் கவனிப்பார்கள். அப்படியிருந்தும், பகுதிகள் இல்லாத சாதாரண எல்இடியோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல்.

எச்டிஆர் (மிகுந்த வெளிச்சத்தையும் மிகுந்த இருட்டையும் ஒரே காட்சியில் காட்டும் முறை) என்ற சொல்லில் மயங்க வேண்டாம். 300, 350 நிற் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) மட்டும் ஒளிரக்கூடிய மலிவு செட்டும் எச்டிஆர் சிக்னலை ஏற்கும், மூலையில் எச்டிஆர் என்று எழுதியும் காட்டும். ஆனால் தீப்பந்தத்தையும் அதன் பின்னால் இருக்கும் இருட்டையும் ஒன்றாகக் காட்ட அதற்கு வலு இல்லாததால் படம் மொத்தமாக மங்கும். அந்த நேரம் எச்டிஆரை அணைத்துவிட்டுச் சாதாரண முறையில் பார்ப்பதே நல்லது.

உங்கள் வீட்டுக்கு ஓஎல்இடி ஏன் சரிவராது

படத்துக்கு மட்டும் என்றால் தயங்காமல் ஓஎல்இடி என்று எழுதியிருப்பேன். ஆனால் உங்கள் கடிதத்தில் அதற்கு எதிராக மூன்று விடயங்கள் இருக்கின்றன.

முதலாவது அம்மாவின் சானல்கள். ஒரே மூலையில் ஒரே இலச்சினை, கீழே ஓயாமல் ஓடும் செய்திப் பட்டை, ஒரு நாளைக்கு ஆறேழு மணித்தியாலம். ஓஎல்இடியின் ஒவ்வொரு புள்ளியும் எரிந்த அளவுக்குத் தேயும். அந்த இலச்சினை இருந்த இடம் மற்ற இடங்களை விடக் கெதியாகத் தேய்ந்து, சில ஆண்டுகளில் இரவுப் படத்திலும் நிழலாகத் தெரியும். பழைய கேம்களின் ஸ்கோர்ப் பட்டையும் அதே இடத்தில்தான் எப்போதும் நிற்கும். இப்படிப் பதிந்த நிழலைத் திருத்த வழியில்லை. பல உத்தரவாதப் பத்திரங்கள் அதைத் தெளிவாக விலக்கியும் வைக்கின்றன.

இரண்டாவது விடயத்தைக் கடைக்காரர் யாரும் சொல்லியிருக்க மாட்டார். ஓஎல்இடி ரிவி, சில மணித்தியாலப் பாவனைக்குப் பிறகு றிமோட்டால் அணைத்ததும், உள்ளே தன் புள்ளிகளைத் தானே அளந்து சரிசெய்துகொள்ளும். அதற்குச் சில நிமிடங்கள் மின் வேண்டும். எங்கள் வீடுகளில் ரிவி பார்த்து முடிந்தால் உடனே சுவர்ச் சுவிச்சையும் அணைப்பதுதான் வழக்கம். மின்னல் காலத்தில் பிளக்கையே கழற்றிவிடுவோம். நல்ல பழக்கம்தான், ஆனால் அந்தச் சரிசெய்தல் ஒருநாளும் நடக்காமல் போகும். எப்படியும் ஓஎல்இடிதான் என்று முடிவெடுத்தால், றிமோட்டால் அணைத்து ஒரு பத்து நிமிடம் கழித்துத்தான் சுவர்ச் சுவிச்சு என்பதை வீட்டில் எல்லோரும் பழக வேண்டும்.

மூன்றாவது அந்தக் கிழக்கு யன்னல். காலை வெயிலில் அம்மா சீரியல் பார்க்கும்போது மினி எல்இடியின் கூடிய வெளிச்சம் கைகொடுக்கும்.

ஆகவே என் சிபாரிசு: விஏ பனல் கொண்ட, பகுதி பகுதியாக மங்கும் பின்வெளிச்சம் உள்ள 65 அங்குல மினி எல்இடி. காசு போதாவிட்டால் அளவை 55க்குக் குறையுங்கள், பின்வெளிச்சத்தில் குறைக்காதீர்கள். சினிமாவுக்குச் சொல்லப்படும் 30 பாகைப் பார்வைக் கோணப்படி பத்தடிக்கு 75 அங்குலம்கூடப் பெரிதல்ல. எனவே 65 கண்ணை உறுத்தும் என்று பயப்பட வேண்டாம்.

இன்னொன்று: உண்மையான 120 ஹேர்ட்ஸ் (விநாடிக்கு 120 தடவை படத்தைப் புதுப்பிக்கும்) பனலா என்று கேளுங்கள். சினிமா விநாடிக்கு 24 சட்டம். 60 ஹேர்ட்ஸ் திரையில் ஒரு சட்டம் மூன்று தடவையும் அடுத்தது இரண்டு தடவையுமாக மாறி மாறிக் காட்டப்படுவதால், கமரா மெதுவாக நகரும் காட்சிகளில் ஒரு தடுக்கல் தெரியும். 120இல் ஒவ்வொன்றும் சரியாக ஐந்து தடவை. பெட்டியில் "மோஷன் 200" என்றோ வேறு பெரிய எண்ணோ இருந்தால் அது விளம்பர எண். பனலின் எண் அல்ல.

பழைய கேம்: சிக்கல் இருப்பது இங்கேதான்

"எந்த ரிவியும் போதும்" என்பதுதான் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்த வரி. பிள்ளைகள் முதல் தரம் விளையாடும்போது கட்டை அமுக்கியும் ஆள் பாயாமல் பள்ளத்தில் விழுந்தால், பிழை கேமில் என்றுதான் நினைப்பார்கள்.

கசெற் கேமும் முதலாவது பிளேஸ்டேஷனின் பெரும்பாலான கேம்களும் அனுப்புவது 240பி என்ற சிக்னல் (பால் முறையில் 288 கோடுகள், 50 ஹேர்ட்ஸ்). சாதாரண ஒளிபரப்பு ஒற்றைக் கோடுகளையும் இரட்டைக் கோடுகளையும் மாறி மாறி அனுப்பும். கேம் கொன்சோல் அப்படி மாற்றாமல் ஒவ்வொரு தடவையும் அதே கோடுகளின் மேலேயே வரையும். பெட்டி ரிவிக்கு இதில் சிக்கல் இல்லை. புது ரிவிகளில் பல இதை ஒளிபரப்பென்று நினைத்து, இரண்டு தடவை வந்ததை ஒன்றாகக் கோர்க்கப் பார்க்கும். விளைவு: அசையும் உருவங்களின் ஓரம் சீப்புப் பல்லாகும். அடிபட்டு மினுங்கும் ஆள் பாதி நேரம் காணாமல் போவார், அல்லது கோடு கோடாகத் தெரிவார். கோர்க்கும் வேலைக்கு நேரமும் பிடிக்கும். கேம் மோட் (மெருகூட்டும் வேலைகளைக் குறைத்துப் படத்தை உடனே காட்டும் ரிவி அமைப்பு) இல்லாமல் விட்டால் சில செட்களில் இந்தத் தாமதம் 100 மில்லிசெக்கனையும் தாண்டும். 50 ஹேர்ட்ஸ் கேமில் அது ஐந்து சட்டம். கேம் மோட் போட்டால் பொதுவாக 10 முதல் 20 மில்லிசெக்கன்.

நீங்கள் வாங்க நினைக்கும் மலிவுக் கொன்வேட்டர் பெட்டி, மஞ்சள்-வெள்ளை-சிவப்பு வயரை எச்டிஎம்ஐ ஆக்குவது, இதே பிழையை ரிவிக்கு முன்னாலேயே செய்துவிடும். கேம் மோட் போட்டாலும் பெட்டிக்குள் நடந்த தாமதம் போகாது. அவற்றில் பல 50 ஹேர்ட்ஸை 60 ஆக மாற்றுவதால் ஓட்டமும் தடுக்கும். அது டிவிடி பிளேயருக்கு ஆகும், கேமுக்கு ஆகாது.

4கே உதவும் என்று சொன்னேனே, அது இங்கேதான். 240 கோடுகளை 1080இல் நிரப்ப நாலரை மடங்கு வேண்டும். அரைக்கோடு என்று ஒன்று இல்லாததால், சில கோடுகள் நான்கு வரியாகவும் சில ஐந்து வரியாகவும் விரியும். திரை உருளும்போது படம் நெளிவதுபோல் இருக்கும். 4கே திரையில் 2160 வரிகள், சரியாக ஒன்பது மடங்கு. பிளேஸ்டேஷனின் 320க்கு 240 படத்தில் ஒவ்வொரு புள்ளியும் ஒன்பதுக்கு ஒன்பது சதுரமாக, ஒரு பிசிறும் இல்லாமல் அமரும். ஒவ்வொரு பழைய கோட்டுக்கும் ஒன்பது வரிகள் இருப்பதால், கோடுகளுக்கிடையே பெட்டி ரிவியில் இருந்த மெல்லிய இருட்டையும் செயற்கையாக வரைந்து காட்ட இடம் கிடைக்கிறது. அந்த இருட்டு முக்கியம். அந்தக் காலத்தில் படம் வரைந்தவர்கள் கலங்கும் மஞ்சள் வயரையும் கோடு தெரியும் பெட்டி ரிவிக் குழாயையும் நம்பித்தான் வரைந்தார்கள். நீர்வீழ்ச்சியை ஒன்றுவிட்டு ஒரு கோடாக வரைந்தால், குழாயில் அது கலந்து ஊடுருவித் தெரியும் நீராகும். புதுத் திரையில் வெறும் கம்பி வரிசையாக நிற்கும்.

இதைச் சரியாகச் செய்ய இரண்டு வழி.

ஒன்று, கேமுக்கென்றே செய்த ஸ்கேலர், அதாவது படத்தைப் பெரிதாக்கி ரிவிக்குக் கொடுக்கும் பெட்டி. ரெட்ரோரிங்க் 5எக்ஸ் (2021), ரெட்ரோரிங்க் 4கே (2023) இரண்டும் 240பியை 240பி என்றே அறிந்து, தாமதம் ஏறக்குறைய இல்லாமல் எச்டிஎம்ஐயில் தரும். ஓஎஸ்எஸ்சி என்ற கருவியும் நல்லதுதான், ஆனால் அது மஞ்சள் பிளக்கை ஏற்காது. கசெற் கேமுக்கு உதவாது. பிளேஸ்டேஷன் 2க்குப் பச்சை-நீலம்-சிவப்பு கொம்பொனன்ற் வயர் ஒன்று வாங்குங்கள். அதே பிராந்தியத்து மூல டிஸ்க்குகள் என்றால் முதலாவது பிளேஸ்டேஷன் கேம்களையும் அதிலேயே போடலாம். படம் மஞ்சள் வயரை விட எவ்வளவோ சுத்தமாக வரும். வயர் மாற்றிய பிறகு பிளேஸ்டேஷன் 2இன் அமைப்புப் பக்கத்தில் கொம்பொனன்ற் வெளியீட்டை வை-பிபி-பிஆர் என்று மாற்ற வேண்டும். ஆர்ஜிபி என்றே விட்டால் நிறம் பிழையாக வரும்.

மற்றது, ஒரு பழைய மடிகணினியிலோ ராஸ்பெரி பை என்ற சிறு கணினியிலோ பழைய கேம்களை ஓட்டும் ரெட்ரோஆர்க் மென்பொருள். அதில் "இன்ரிஜர் ஸ்கேல்" (முழு எண் மடங்கில் மட்டும் பெரிதாக்குவது) என்பதை இயக்குங்கள், விகிதத்தை 4க்கு 3 என்று வையுங்கள், பெட்டி ரிவியின் தோற்றத்தைத் தரும் சிஆர்டி ஷேடர் ஒன்றைத் தெரிந்தெடுங்கள். கசெற் கேமின் 256க்கு 240 படம் புள்ளிக் கணக்குப்படி சதுரத்துக்குக் கிட்ட இருந்தாலும், அது 4க்கு 3 ஆக இழுத்துக் காட்டவே செய்யப்பட்டது. 16க்கு 9 ஆக இழுத்தால் எல்லோரும் குண்டாவார்கள். பக்கங்களில் கறுப்பு விட்டுத்தான் விளையாட வேண்டும். ஆயிரக்கணக்கான கேம் என்று விற்கப்படும் எச்டிஎம்ஐ குச்சிகளை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அவற்றின் வயரில்லாக் கொன்றோலர்களே தாமதம் சேர்க்கும். பெட்டியில் உள்ள 4கே என்ற எழுத்துக்குக் கேமின் படத்தோடு சம்பந்தமில்லை.

புது ரிவியில் நேரடியாக ஏவி வயர் மாட்டிப் பார்ப்பதென்றால், பலவற்றில் அது 3.5 மில்லிமீற்றர் துளையாகத்தான் இருக்கும். அதற்கான வால் வயரில் உள்ளே இணைப்பு வரிசை கம்பனிக்குக் கம்பனி வேறுபடும். மஞ்சளில் படம் வராவிட்டால் மஞ்சள் பிளக்கைச் சிவப்புத் துளையில் மாட்டிப் பாருங்கள். பல தடவை பழுது அதுதான்.

பெட்டி ரிவியைக் கொடுத்துவிடாதீர்கள்

அந்தத் துப்பாக்கிக் கேம் விளையாட உங்களிடம் இருக்கும் ஒரே வழி அந்தப் பெட்டிதான். விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் இருண்டு, இலக்கு இருக்கும் இடம் மட்டும் வெள்ளையாகும். துப்பாக்கி முனையிலுள்ள உணரி அந்தக் கணத்திலேயே வெளிச்சத்தைத் தேடும். குழாயில் வெளிச்சம் உடனே வரும். எல்சிடியோ ஓஎல்இடியோ அதைச் சில சட்டங்கள் பிந்திக் காட்டும்போது, துப்பாக்கி தவறென்று முடிவெடுத்து முடிந்திருக்கும். எந்தக் கொன்வேட்டரும் இதைச் சரிசெய்யாது.

கதிர் பற்றிய பயத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. 1967இல் அமெரிக்காவில் சில வர்ண ரிவிகளில் எக்ஸ் கதிர் அளவுக்கு மேல் கசிந்தது தெரியவந்தது. அதன் பிறகு அங்கே சட்டம் வந்தது: ரிவியின் வெளிப்பக்கத்தில் எந்த இடத்திலிருந்தும் 5 சென்ரிமீற்றரில் கதிர் மணிக்கு 0.5 மில்லிரொஞ்சனுக்கு (கதிரை அளக்கும் அலகு) மேல் போகக்கூடாது. குழாய்க் கண்ணாடியிலேயே ஈயமும் வேறு பார உலோகங்களும் சேர்க்கப்படுவது அந்தக் கதிரைத் தடுக்கத்தான். ஆறடி தள்ளி இருந்து வார இறுதியில் ஒரு மணித்தியாலம் விளையாடும் பிள்ளைக்கு அதனால் ஆபத்தில்லை. உண்மையான ஆபத்து வேறு. மூடியைக் கழற்றினால் உள்ளே 20,000 வோல்ற்றுக்கு மேல். பிளக்கைக் கழற்றிய பிறகும் குழாயில் மின்னேற்றம் தங்கியிருக்கும். ஆகவே யாரும் திறக்க வேண்டாம். 21 அங்குலப் பெட்டி இருபது கிலோவுக்கு மேல் இருக்கும், பாரம் முழுவதும் கண்ணாடிப் பக்கம். தாழ்வான, அகலமான மேசையில் வையுங்கள்; பிள்ளை பிடித்து ஏறக்கூடிய உயர அலுமாரியில் வேண்டாம். ஈயக் கண்ணாடி என்பதால் பிறகு ஒருநாள் கழிக்கும்போதும் உடைக்கவோ எரிக்கவோ கூடாது.

பல காலம் சும்மா கிடந்த பெட்டியை மாரியில் எடுத்தவுடன் போடாதீர்கள். ஈரம் பிடித்த எல்ஓடியில் (குழாய்க்கு உயர் வோல்ற் கொடுக்கும் பகுதி) "சீ" என்ற சத்தத்தோடு நீலப் பொறி பறக்கும். ஈரமில்லாத அறையில் இரண்டு மூன்று நாள் காற்றாடியின் முன் வைத்து, பின் ஓட்டைகளில் பல்லி, எறும்புக் கூடு இருக்கிறதா என்று ரோச் அடித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். சத்தமோ மணமோ வந்தால் உடனே அணைத்துத் திருத்துநரிடம் கொடுங்கள். மூலையில் பச்சை, ஊதாக் கறை தெரிந்தால் பக்கத்தில் ஸ்பீக்கர் இருக்கிறதா பாருங்கள். அதை விலக்கி, செட்டை அணைத்து அரை மணித்தியாலம் ஆறவிட்டுப் போட்டால் உள்ளிருக்கும் காந்தநீக்கச் சுருள் கறையை எடுக்கும். ஆறாமல் அணைத்து அணைத்துப் போட்டால் அந்தச் சுருள் வேலை செய்யாது. நன்றாக ஓடும் பெட்டியை வாரம் அரை மணித்தியாலமாவது போட்டால், அந்தச் சூடே ஈரத்தைப் போக்கும்.

அண்ணாவிடம் என்ன சொல்வது

ரிவி கொண்டு வர வேண்டாம் என்று சொல்லுங்கள். கனடாவில் விற்கும் செட்களில் பல 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ் மட்டும். பின்னால் ஒட்டியுள்ள தாளில் 100–240 என்று இல்லாவிட்டால், இங்கே சுவரில் மாட்டிய கணமே மின்பகுதி எரியக்கூடும். வோல்ற் ஒத்து வந்தாலும் அதன் ரியூனர் எங்கள் ஒளிபரப்பைப் பிடிக்காது, பால் முறை மஞ்சள் வயருக்கும் படம் தராமல் இருக்கலாம், பனல் பழுதானால் இங்கே உத்தரவாதமும் இல்லை. காசை அனுப்பச் சொல்லுங்கள். கொண்டு வர வேண்டியது அந்த ஸ்கேலர்தான்: கையடக்கம், 5 வோல்ற் யூஎஸ்பியில் ஓடும், இங்கே கடைகளில் தேடினால் அலைச்சல். அவர் தன்னுடைய பழைய கொன்சோலையும் தர நினைத்தால், அதன் அடாப்டரில் 120 வோல்ற் மட்டும் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

கடையிலும், வீட்டுக்கு வந்த பிறகும்

பென் டிரைவ் ஒன்றில் மூன்று விடயம் ஏற்றிக்கொண்டு போங்கள்: முழுக் கறுப்புப் படம் ஒன்று, நடுவில் வெள்ளை எழுத்துள்ள கறுப்புப் படம் ஒன்று, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த இரவுக் காட்சி ஒன்று. கடையின் விளம்பரப் படத்தில் எந்த ரிவியும் அழகுதான். கறுப்புப் படத்தைப் போட்டு, கையால் கண்ணுக்கு மேல் நிழல் பிடித்துப் பாருங்கள்; மூலைகளில் வெளிச்சம் ஒழுகினால் அந்தச் செட் வேண்டாம். பிறகு பக்கவாட்டில் நகருங்கள். நேரே கறுப்பாக இருந்து பக்கத்தில் வெளிறினால் விஏ, நேரேயே சாம்பலாக இருந்தால் ஐபிஎஸ். எழுத்துப் படத்தில் ஒளிவட்டம் எவ்வளவு பரவுகிறது என்றும் பாருங்கள்.

வீட்டில் சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர் மோட், நிறவெப்பம் "வோர்ம்". அசைவை மென்மையாக்கும் அமைப்பை முழுதாக அணையுங்கள். சினிமாவைச் சீரியல்போல் ஆக்குவது அதுதான். ஷார்ப்னஸ் பெரும்பாலான செட்களில் 0. சோனியில் 50தான் நடுநிலை. அம்மாவுக்குப் பகலில் வேறு மோட் வைத்துக் கொடுக்கலாம், ஆனால் பின்வெளிச்சத்தை எப்போதும் 100இல் விடாதீர்கள். மலிவு எல்இடி ரிவிகளில் அதிகம் வரும் பழுது, சத்தம் வந்து படம் வராமல் போவது. இருட்டில் திரையில் ரோச் அடித்தால் படம் மங்கலாகத் தெரியும். பின்னாலுள்ள எல்இடிகள் தொடராக இணைந்திருப்பதால், சூட்டில் ஒன்று போனாலே முழு வரிசையும் அணையும். 60, 70இல் வைத்தால் ஆயுள் கூடும்.

ஐப்பசி, கார்த்திகை மின்னலுக்குச் சுவர்ச் சுவிச்சு மட்டும் போதாது. கூரையிலிருந்து இறங்கும் டிஷ் வயரையும் கழற்ற வேண்டும். ரிவியின் எச்டிஎம்ஐ பகுதி எரிவது பெரும்பாலும் அந்த வழியால்தான். சேர்ஜ் புரொரெக்ரர் வாங்கினால், வீட்டில் ஏர்த் சரியாக இருக்கிறதா என்று மின்னியலாளரைக் கொண்டு பார்ப்பியுங்கள். ஏர்த் இல்லாமல் அதனால் பெரிய பிரயோசனம் இல்லை.

பற்றுச்சீட்டில் மொடல் இலக்கத்தைக் கடைசி எழுத்து வரை எழுதச் சொல்லுங்கள். உத்தரவாதம் பனலுக்கும் உண்டா, பலகைகளுக்கு மட்டுமா, எத்தனை ஆண்டு, திருத்துவது யாழ்ப்பாணத்திலா கொழும்பிலா, கொழும்பு என்றால் ஏற்றி இறக்கும் செலவு யாருடையது என்பதையும் காசு கொடுக்க முதல் எழுத்தில் கேளுங்கள். 65 அங்குலப் பனல் வழியில் உடைந்தால் பொறுப்பு யாருக்கு என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். பெட்டியை நிமிர்த்தியே ஏற்ற வேண்டும். படுக்க வைத்துக் கொண்டு வந்தால் இறக்கியதும் கடைக்காரர் முன்னிலையிலேயே போட்டுப் பாருங்கள்.